மாடித்தளம் இறுகாத கதை

கொழுந்தன் வீட்டு மாடித்தளத்துக்குக் கான்கிரீட் அனுப்பும் பொறுப்பை அண்ணி தானாகவே தலையில் போட்டுக்கொண்டாள். கான்கிரீட்டைக் கலந்து லாரியில் அனுப்புகிற ஆலையில்தான் அவளுக்கு வேலை. நம் வீட்டுக்கு நாம் செய்யாமல் வேறு யார் செய்வது?

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. வீடோ ஊரின் மறுகோடி. இப்படிப்பட்ட நாளில் கலவையோடு கொஞ்சம் வெள்ளைப் பொடியும் சேர்ப்பார்கள். சோடியம் குளூக்கோனேட் என்று பெயர். சர்க்கரையிலிருந்து எடுக்கிற உப்பு. லாரி போய்ச் சேருவதற்குள் கான்கிரீட் இறுகிவிடாமல் அது பிடித்து வைக்கும். அண்ணி முகமூடியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, பொடியை அளந்து கொட்டினாள். பையின் வாயைக் கட்டும்போது கொஞ்சம் தரையில் சிந்திவிட்டது. அந்தப் பொடி ஈரத்தில் பட்டால் தரை எண்ணெய் தடவினாற்போல வழுக்கும். யாராவது விழுந்து தொலைக்கப் போகிறார்களே என்று துடைப்பம் எடுக்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் கூட வேலை பார்க்கும் ஆபரேட்டர். ஆலையில் அவருக்கு 'அவசரம்' என்றுதான் பெயர். யாரும் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் செய்து முடித்துவிடுவார். அண்ணி வீட்டு வேலையாயிற்றே என்று அவரும் ஒரு பங்கு பொடியை அளந்து கொட்டிவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விட்டார்.

தளம் போட்ட மறுநாள் காலை கொழுந்தனிடமிருந்து போன் வந்தது.

"அண்ணி, தளம் இன்னும் கொழகொழன்னு இருக்கு. கட்டைவிரலை வச்சா உள்ளே போகுது."

"வெறுங்கையாலயா வச்சீங்க? முதல்ல போய் நல்லா கழுவுங்க. சிமெண்ட் தோலை அரிச்சிடும். நான் வர்றேன்."

குரலைச் சாதாரணமாகத்தான் வைத்துக்கொண்டாள். ஆனால் போனை வைத்ததும் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஆபரேட்டர் அவசரத்துக்குப் போன் போட்டாள்.

"நேத்து எங்க வீட்டு லோடுல பொடி போட்டீங்களா?"

"போட்டேனே. நம்ம வீட்டு வேலையாச்சே."

"நானும் போட்டேன்."

"ஐயோ! நானும் அங்கே வர்றேன்," என்றார் அவர்.

வீட்டு மாடிப்படியின் உச்சியில் கடப்பாரையோடு மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். "கெட்டுப்போச்சும்மா. இப்பவே வழிச்சுப் போட்டாத்தான் பிழைச்சோம்," என்றார். கொழுந்தன் கையைப் பிசைந்தான். மாமியார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஓரகத்தி மட்டும், "அக்கா சொல்றதையும் கேப்போமே," என்றாள். வழக்கமாக அண்ணி எது சொன்னாலும் எதிர்ப்பேச்சு பேசுகிறவள் அவள்.

அண்ணி கையுறை மாட்டிக்கொண்டு ஓரம் நெடுக அழுத்திப் பார்த்தாள். எல்லா இடமும் ஒரே மாதிரிதான் இளகி இருந்தது. பொடி நன்றாகக் கலந்திருக்கிறது, அளவுதான் இரட்டிப்பு.

"இது கெட்டுப்போகல. தப்பு எங்க பக்கம்தான், பொடியை ரெண்டு தடவை போட்டுட்டோம். அதனால கான்கிரீட் தூங்குது. தூங்குறவனை அடிச்சா எழுப்புவீங்க?"

"எழுந்திருக்கலேன்னா?" என்றார் மேஸ்திரி.

"நானே வந்து இடிச்சுத் தர்றேன். அதுவரைக்கும் கீழே தளத்தைத் தாங்குற முட்டுல ஒண்ணைக்கூட அசைக்கக் கூடாது. மேல யாரும் ஏற வேண்டாம். வெயில்ல காஞ்சா வெடிச்சிடும், பிளாஸ்டிக் விரிச்சு மூடிடலாம்."

வாய் தைரியமாகப் பேசியதே தவிர, அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிளாஸ்டிக்கை விரிக்கும்போது ஓரகத்தி மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் ஒரே வேலையைச் சண்டையில்லாமல் செய்தது அதுதான் முதல் முறை. அவசரமும் வந்து சேர்ந்தார். வந்தவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பிளாஸ்டிக் பறக்காதபடி ஓரமெல்லாம் செங்கல் அடுக்கினார். மாமியார் அவருக்கு மட்டும் டீ தராமல் ஒரு சுற்று விட்டுவிட்டு, மனசு கேட்காமல் அப்புறம் இரண்டு டம்ளராகக் கொடுத்தார்.

அதற்கடுத்த நாளும் விரல் பதிந்தது, ஆனால் முன்னளவுக்கு இல்லை. மூன்றாம் நாள் காலையில் அண்ணி பிளாஸ்டிக்குக்கு அடியில் கையை விட்டாள். தளம் கதகதவென்று இருந்தது. இறுக ஆரம்பித்தால்தான் கான்கிரீட்டுக்குச் சூடு வரும். அவள் அப்படியே உட்கார்ந்து, ஓரகத்தியின் கையையும் இழுத்து உள்ளே வைத்தாள்.

"ஐயோ அக்கா, காய்ச்சல் கண்ட மாதிரி இருக்கு."

"இந்தக் காய்ச்சலுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

மாலையில் மேஸ்திரி சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கணீரென்று கேட்டது. கடப்பாரையை ஓரமாக வைத்துவிட்டு, தளம் காயாமல் இருக்கச் சாக்கை நனைத்துப் பரப்பப் போய்விட்டார். பின்னர், அதே கலவையில் வார்த்து வைத்திருந்த மாதிரிக் கட்டிகளை ஆலையில் நசுக்கிச் சோதித்தபோது, கேட்டதைவிடக் கூடுதல் வலு இருந்தது.

கொழுந்தனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அண்ணி, அடுத்த மாடிக்கும் ரெண்டு பங்கு போட்டுடலாமா?"

"அடுத்த மாடிக்கு வேற ஆலையைப் பாருங்க," என்றாள் அண்ணி.