வாயால் தோற்ற ஆட்டம்

எதிரணியின் உயரத்தால்தான் நாங்கள் தோற்றோம் என்று சொல்லித் திரிகிறார்கள். உயரமாவது மண்ணாங்கட்டியாவது. நாங்கள் வாயால் தோற்றோம்.

கூடைப்பந்தில் மற்றக் கல்லூரிப் பெண்கள் விரலைக் காட்டியும் எண்ணைச் சொல்லியும் தங்கள் திட்டத்தை மறைப்பார்கள். எங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. எதிரணிகளில் எல்லாம் சிங்களப் பெண்கள், தமிழ் தெரியாது, ஆகவே தமிழிலேயே கத்துவோம். கொழும்பு வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் வாயை மூடிக்கொள்கிற, இராணுவச் சோதனைச்சாவடியில் பெயரைக்கூட மெதுவாகச் சொல்கிற பெண்கள் நாங்கள். பந்து கைக்கு வந்தால் தொண்டை கிழியும். அந்தக் கத்தலுக்காகவே நான் விளையாடினேன்.

அன்று இறுதியாட்டம். எங்கள் தலைவி ஜெகதீஸ்வரிக்குக் கனடா விசா வந்துவிட்டது, அடுத்த கிழமை பயணம். வருடா வருடம் இந்த அணியிடம் அடிவாங்கியவள் அவள்.

"ஒருக்கா எண்டாலும் இவையை வெண்டுபோட்டுத்தான் பிளேன் ஏறுவன்," என்று சொல்லியிருந்தாள்.

தொடக்கமே பிழைத்தது. "இடப்பக்கம் மேபலுக்குக் குடு," என்று ஜெகா கத்தினால், பந்துக்கு முதல் அவர்களுடைய ஒருத்தி மேபலிடம் போய் நின்றாள். "பின்னுக்கு எறி" என்றால் பின்னுக்கு நின்றாள். அவள் புதியவள், எங்களைவிடக் கட்டை. பந்து பந்தாகப் பறித்தாள். கடைசியில் மேபல் அவளுடைய காலை மிதித்துவிட்டாள்.

"உம்மா," என்றாள் அவள்.

முஸ்லிம் வீட்டுத் தமிழில் அம்மா. அந்தத் தமிழ் பேசுகிறவர்கள் வாழும் மாளிகாவத்தை என்று கொழும்பில் ஓர் இடம் இருப்பதையே நாங்கள் மறந்துபோயிருந்தோம்.

இடைவேளையில் பயிற்சியாளர் றஞ்சிதம் மிஸ், "இனி ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. கையைக் காட்டி விளையாடுங்கோ," என்றார். பழகாத வேலை. நானும் மேபலும் ஒரே பந்துக்கு ஓடி மண்டையை முட்டிக்கொண்டோம். அவர்களோ புள்ளிகளை அள்ளிக்கொண்டே போனார்கள்.

ஜெகாவுக்குப் பொறுக்கவில்லை. "மிஸ், வாயை மூடிக்கொண்டு விளையாட எனக்குத் தெரியாது. அவளுக்கு விளங்கினா விளங்கட்டும். அவள் வாறதுக்கு முந்தி நாங்கள் போவம்."

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு புல்லரிக்கிறது. கத்தினோம், ஓடினோம். அந்தப் பெண்ணும் கேட்டுக் கேட்டு எங்களோடு ஓடினாள். நாங்கள் ஒரு பாய்ச்சல் முந்தினோம். கூடை, மறுபடி கூடை. பார்க்க வந்தவர்கள் கதிரைகளின் மேல் ஏறி நின்றார்கள். ஒரே ஒரு புள்ளிதான் பின்தங்கியிருந்தோம். ஜெகா எறிந்த கடைசிப் பந்து வளையத்தில் சுற்றிச் சுற்றி வெளியே விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

ஜெகா குந்தியிருந்து அழுதாள். அந்தப் பெண் நொண்டியபடி வந்து பக்கத்தில் நின்றாள். பெயர் ஸமீமாவாம்.

"எங்கட டீமுல சிங்களத்துலதான் வெளாடுற. இன்டைக்கித்தான் காது நெறைய நம்மட பாசையில கேட்டன். திரும்ப எப்ப வெளாடுவீங்க?"

ஜெகா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுதாள்.

திரும்பும் பஸ்ஸில் நெரிசல். நான் முன்னுக்கு, ஜெகா பின்னுக்கு. சோதனைச்சாவடி இன்னும் வரவில்லை. வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"என்னடி," என்று பின்னாலிருந்து ஜெகா கத்தினாள், மைதானத்தில் கத்துகிற அதே குரலில். "கடைசிப் பந்து கூடைக்கு உள்ளுக்கைதானே போனது?"

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"ஓம், உள்ளுக்கைதான் போனது," என்று நானும் முழுத்தொண்டையில் கத்தினேன்.