பச்சைக்கு ஒட்டு

பெரிய பண்ணை பரந்தாமன், ஜில்லா போர்டு தேர்தல் நடந்த வருஷம் தை மாதத்தில், ஒட்டுப் போர்வையாகிப் போனார். அந்தத் தை மாதம் பூந்தமல்லிச் சந்தையில் மிளகாய் விலை ஏறியிருந்தது, ஜட்கா வண்டிக்காரர்கள் புதிதாக வந்த பஸ்ஸைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர் இந்த மூன்று சமாசாரங்களையும் ஒரே மூச்சில்தான் பேசியது.

அவரைத் தைத்தவள் கரையான்சாவடி வேம்புலியம்மாள். கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவது அவள் தொழில். மிஷின் வைத்துத் தைக்கும் நஜீர் பாய் வெட்டி எறிகிற துண்டுகளைப் பொறுக்கி வருவாள், பழம்புடவைகளைப் பூப்போல் ஆகும்வரை துவைப்பாள், அந்தப் புடவைக் கரையிலிருந்தே நூலை உருவி அரிசி அளவுத் தையலாகப் போடுவாள். ஒரு முழங்கைக் கிழிசலுக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போய்விடும். கலையார்வத்தால் அவள் மெதுவாகத் தைத்தாள் என்று யாரும் உருகவேண்டாம். அவள் ஒரு குத்துக்கு ஒரு வசவு வைப்பவள், வசவை அவசரமாகச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. அவள் போட்ட ஒட்டு துணியே மக்கினாலும் விடாது என்பதை ஊரார் அறிவார்கள். அதற்குக் காரணம் நூலா வசவா என்று யாரும் ஆராய்ந்ததில்லை.

அப்போது அவள் வசவுகள் எல்லாம் ஒரே ஆள் பேருக்குப் போய்க்கொண்டிருந்தன. பரந்தாமனுக்கு ராவ் பகதூர் பட்டத்தின்மேல் ஆசை. பட்டம் கொடுக்க வரும் துரைக்கு ரோஜாத் தோட்டம் காட்டவேண்டும் என்று யாரோ சொல்ல, ஊர்ப் பொதுக்கிணற்றை வளைத்து முள்வேலி போட்டு, தண்ணீர் முழுவதையும் ரோஜாவுக்கு விட்டார். சனங்கள் பாரிவாக்கம் ஏரிக்கு நடந்தார்கள். நடப்பது தேகத்துக்கு நல்லது என்று சுகாதார வாரக் கூட்டத்தில், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே, அவர் முக்கால் மணி நேரம் பேசினார். அந்த வாரமே வேம்புலியம்மாளின் மகள் கன்னியம்மாள், வயிற்றில் ஐந்து மாசத்தோடு ஏரியிலிருந்து குடம் சுமந்து வரும்போது வரப்பில் சறுக்கி விழுந்தாள். குடம் பித்தளை, நசுங்கியதோடு சரி. குழந்தை தங்கவில்லை. விழுந்தபோது கிழிந்த பச்சைப் புடவையை வேம்புலியம்மாள் துவைத்து மடித்து வைத்தாளே தவிர, ஊர்க் கிழிசலையெல்லாம் தைத்தவள் அதை மட்டும் தைக்கவில்லை.

தேர்தலில் நிற்கிற ஆளுக்கொரு வர்ணத்தில் ஓட்டுப் பெட்டி. பரந்தாமனுக்குப் பச்சை. வேம்புலியம்மாள் குடிசைக்கு வரி கட்டியதால் அவளுக்கும் ஓட்டு இருந்தது. ஆகவே அவர் அல்பாக்கா கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக அவள் வாசலுக்கு வந்து, வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பேசியது கூட வந்த கையாள் லோகநாதன்.

"யம்மா, பச்சைக்கு ஓட்டு போட்ரு. மறந்துடாத."

வேம்புலியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோட்டின் முழங்கை, அவர் போட்ட முள்வேலியிலேயே மாட்டிக் கிழிந்திருந்தது.

"பச்சைக்கு இன்னாத்துக்கு ஒட்டு? கோட்டு கறுப்பாக் கீதே. சரி, பச்சையிலயே போடுன்னா போட்டுட்டுப் போறேன். கெணத்தத் தொறந்து வுடுவியா நைனா?"

"ஜெயித்த மறுநாளே," என்றார் பரந்தாமன்.

"அப்ப கழட்டிக் குடு."

ஓட்டுக் கேட்டால் ஒட்டுப் போடக் கிளம்புகிறாளே என்று லோகநாதன் தலையிலடித்துக்கொண்டான். பரந்தாமனோ, ஏழைக் கிழவி கோட்டுத் தைத்துக் கொடுத்த கதையை மேடையில் சொன்னால் கைதட்டல் விழும் என்று கணக்குப் போட்டுக் கழற்றிக் கொடுத்தார். அவள் காதில் பிழையாக விழுந்ததா, விழுந்த பிழையை அவள் விடாமல் பிடித்துக்கொண்டாளா என்பதில் ஊரில் இரண்டு கட்சி உண்டு. எப்படியோ, மகளின் பச்சைப் புடவையை எடுத்து ஒரு துண்டு கத்தரித்தாள். தன் ஆயுளிலேயே அவள் மிக மெதுவாகத் தைத்தது அந்த ஒட்டைத்தான்.

ஒட்டு பரவியது. முதலில் கோட்டு முழுக்கப் பச்சையாயிற்று. அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு வாக்குறுதி கொடுக்க, கொடுத்த இடத்திலேயே புதிதாக ஓர் ஒட்டு முளைத்தது. குத்தம்பாக்கத்தில் பாலம் கட்டுகிறேன் என்றார், தோளில் ஒரு தாவணித் துண்டு ஏறியது. பள்ளிக்கூடம் என்றார், நெஞ்சில் யாரோ ஒருவரின் லுங்கி. கோட்டைக் கழற்றப் போனபோது அதற்கும் தோலுக்கும் நடுவில் விரல் நுழைய இடமில்லை. பட்டணத்திலிருந்து வந்த டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, உள்ளே பஞ்சு நன்றாக இருப்பதாகச் சொல்லி, அந்துருண்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நஜீர் பாய் ஓடிவந்தார். "யக்கா, இன்னா நூலுக்கா போட்ட? அந்தாளு மடிஞ்சு மடிஞ்சு உக்கார்றாரு!"

"கேட்டாரு, போட்டேன். ஓட்டுக் கேக்கற வாயி வார்த்தைய ஒழுங்காக் கேக்கணும் பாய்."

தேர்தலன்று, அதற்குள் முழுப் போர்வையாகிவிட்ட பரந்தாமனை ஓட்டுச் சாவடிக்கு மூட்டையாகத்தான் தூக்கிவந்தார்கள். பச்சைப் பெட்டி நிரம்பி வழிந்தது. மனுஷனாக இருந்தபோது யோசித்தவர்கள்கூட, போர்வையால் என்ன கெடுதல் வந்துவிடும் என்று போட்டார்கள். போர்டில் அவரைத் தலைவராக்குவதிலும் தகராறு எழவில்லை. தலைவர் உயிரோடுதான் இருக்கிறார், மடித்து வைக்கப்பட்டிருக்கிறார் என்று எழுதிக்கொண்டு அவரை நாற்காலியில் வைத்தார்கள். முன்பெல்லாம் கூட்டம் முடிய இருட்டிவிடும். இப்போது காப்பி ஆறுவதற்குள் முடிந்தது.

ஜெயித்த மறுநாள் தாண்டியது, ஒரு மாசமும் தாண்டியது. வேலி அப்படியே நின்றது. ஒரு போர்டுக் கூட்டத்துக்குள் வேம்புலியம்மாள் மகளை இழுத்துக்கொண்டு நுழைந்தாள். சேவகன் தடுத்தான். "தள்ளுடா! கெணத்தத் தொறக்கறேன்னு சொன்னது உன் தலைவரு. வேணாம்னு இப்ப சொல்லச் சொல்லு, நான் போறேன்!" அங்கத்தினர்கள் நாற்காலியைப் பார்த்தார்கள். போர்வை வாய் திறக்கவில்லை. தலைவருக்கு ஆட்சேபம் இல்லை என்று தீர்மானம் நிறைவேறியது. அன்று சாயங்காலமே சனங்கள் வேலியைப் பிடுங்கி அடுப்பெரித்தார்கள். ரோஜா கருகியதற்கு யாரும் அழவில்லை. கன்னியம்மாள்தான் முதல் குடம் இறைத்தாள். இறைத்துவிட்டு, கிணற்றுச் சுவரில் கையை ஊன்றி வெகுநேரம் நின்றாள்.

பட்டம் அடுத்த வருஷம் வந்தது. துரை போர்வையின் ஓரத்தில் பதக்கத்தைக் குத்திவிட்டு, இவ்வளவு அடக்கமான மனிதரைத் தான் பார்த்ததில்லை என்றார்.

அந்த மார்கழியில் பரந்தாமனின் சம்சாரம் சாமுண்டீஸ்வரி அவரைக் கையில் தூக்கிக்கொண்டு வேம்புலியம்மாள் குடிசைக்கு வந்தாள். "ஓரத்துல நூலு வுட்டுகினு வருது, பாரு. உள்ளாற கால் கட்டை வெரல் தெரியுது."

வேம்புலியம்மாள் பார்த்தாள். விரல்தான். நகத்தோடு இருந்தது. "பாவம்னு பாத்தா சொல்லு. முழுசாப் பிரிச்சு வுட்றேன்."

"அய்யய்யோ, பிரிக்கறதா?" சாமுண்டீஸ்வரி பதறிப்போய்ப் போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இருவது வருசம் இந்தாளால ஊட்ல தூக்கமில்ல. இப்பதான் கதகதப்பாக் கீது. நல்லா அழுத்தித் தைடி."

வேம்புலியம்மாள் விரலை உள்ளே தள்ளி அழுத்தித் தைத்தாள். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. சாமுண்டீஸ்வரி அவரை உதறிப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.