சென்னைக்குப் போன ரத்தம்

அஃப்ஸர் ஜஹானுக்குக் கோபம் வந்தால் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். அன்றைக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே கத்திவிட்டாள்.

கத்தாமல் என்ன செய்வாள்? மாதனூரில் நகைக்கடை ஜன்னலை உடைத்த எவனோ கண்ணாடியில் ரத்தத்தைச் சிந்திவிட்டு ஓடியிருந்தான். மறுநாள் அவள் புருஷன் ஆபித் பாஷா கையில் கட்டோடு அந்தப் பக்கம் போனானாம். அவ்வளவுதான், அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். டேனரியில் பச்சைத்தோல் சுரண்டுகிறவன் கையில் காயம் இல்லாமல் மோதிரமா இருக்கும்?

"ஒத்துக்கச் சொல்லும்மா, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார் ஏட்டு.

எஸ்.ஐ. ரெனால்ட் மட்டும், "இரு, ரத்தம் எடுத்து சென்னை லேபுக்கு அனுப்பலாம். டிஎன்ஏ பார்த்தா தெரிஞ்சிடும்" என்றார்.

ஆபித் பாஷா கையை இழுத்துக்கொண்டான். "வேணாம் சார். இருபது வருஷமா காயத்தோட தோலைத் தொடுறேன். மாட்டு ரத்தம், ஆட்டு ரத்தம்லாம் உள்ள போயிருக்கும். தப்பா வந்தா இன்னா பண்றது?"

"அட அறிவுகெட்ட மனுஷா! உனக்குப் பொறந்த மூணுக்கும் கொம்பா முளைச்சிருக்கு? நீட்டுய்யா கையை!" என்று கத்தினாள் அஃப்ஸர் ஜஹான்.

ரெனால்டே சிரித்துவிட்டார். கை நீண்டது.

ரத்தம் பொருந்தவில்லை என்று லேபிலிருந்து பதில் வந்தது, விட்டுவிட்டார்கள். ஊர் விட்டதா? டேனரி முதலாளி வக்கார் அகமது, "கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொல்லியே வேலைக்கு எடுக்காமல் இரண்டு வருஷத்தை ஓட்டினார். பெரிய பெண் சைராவுக்கு வந்த இரண்டு சம்பந்தமும் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போயின. அஃப்ஸர் ஜஹான் கத்துவதையே விட்டுவிட்டாள்.

2003-இல் ஒரு நாள், மாற்றலாகிப் போயிருந்த ரெனால்ட் வாசலில் வந்து நின்றார். "கிளம்புங்க, டேனரிக்குப் போலாம்."

அங்கே வேலையாட்களையெல்லாம் கேட்டுக்கு வரவழைத்து, காகிதத்தைப் பிரித்து உரக்கவே படித்தார். மேல்விஷாரத்தில் வேறொரு திருட்டில் மாட்டியவனின் ரத்தம், லேபில் பதிந்து வைத்திருந்த அந்தக் கண்ணாடி ரத்தத்தோடு அப்படியே பொருந்திவிட்டது. வக்கார் அகமது ஆபித் பாஷாவின் கையைப் பிடித்து, "நாளைக்கே வா" என்றார்.

அஃப்ஸர் ஜஹான் அழுதுவிட்டாள். "சார், அஞ்சு வேளை தொழுகையிலயும் உங்களுக்காக துவா கேப்பேன்."

"உங்க வீட்டுக்காரர் பதிவும் லேப்ல இருக்கும்மா. வேணாம்னா எழுதிக் குடுங்க, அழிக்கச் சொல்றேன்."

"ஐயோ, இருக்கட்டும் சார்!" பழைய குரல் திரும்பியிருந்தது. "நான் தொண்டை கிழியக் கத்தினப்போ ஒருத்தர் நம்பல. அது ஒண்ணுதானே எங்களுக்காகப் பேசுச்சு."