உதிர்வது யார்?

அப்பா இறந்து இரண்டு மாதமாகியும் அவருடைய நாற்காலியில் செதில் உதிர்ந்துகொண்டிருந்தது.

முதலில் பார்த்தவள் அம்மாதான். சாயங்காலம் உள் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தவள், கூடத்து ஜன்னலோரம் கிடந்த கறுப்பு ரெக்ஸின் நாற்காலிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். இருக்கையில் வெள்ளை வெள்ளையாக, மீன் செதில் மாதிரி.

"அடியே, இங்க வா. அப்பா வந்துட்டுப் போயிருக்கார்!"

மகளுக்கு முதுகில் சில்லிட்டது. அவளுக்குத் தெரியாத செதிலா அது?

அப்பா பஸ் டிரைவர். தலை, முழங்கை, முழங்கால் எல்லாம் சொரியாசிஸ். வெயில் கொளுத்தினாலும் முழுக்கைச் சட்டைதான். டெப்போவில் அவருக்கு 'மாவு மில்' என்று பெயர். "எத்தனை கிலோ அரைக்கணும்?" என்று அவரும் சிரித்துக்கொண்டே கேட்பார். சலூன்காரர் கை வைக்க மாட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து அம்மாதான் அவருக்கு முடி வெட்டினாள். எண்ணெய் ஊறவைத்து, செதிலை இளக்கி, வலிக்காமல் சீவி எடுப்பாள்.

அவர் போன பிறகு அம்மா அந்த நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை. பகல் முழுக்க உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக்கிடந்தாள்.

மகளுக்கு ஒரு கூரியர் கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தபடியே போனில் புகார் கேட்க வேண்டும். அந்த ஜன்னலோரத்தில்தான் நெட் ஒழுங்காக எடுக்கும். அதனால் அம்மா உள்ளே இருக்கும்போது அவள் திருட்டுத்தனமாக அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். வேலை முடிந்ததும் சத்தமில்லாமல் எழுந்துவிடுவாள். இதை எப்படி அம்மாவிடம் சொல்வது?

ரெக்ஸின் விரிசலுக்குள் தங்கிய பழைய தூசி, தான் உட்காரும்போது வெளியே வருகிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஒருநாள் ஈரத்துணியால் இடுக்கு இடுக்காகத் துடைத்தாள். விரிசல்களின் மேல் டேப் ஒட்டினாள்.

மறுநாள் சாயங்காலமும் செதில் கிடந்தது.

அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காரவே பயமாக இருந்தது. பின்னால் யாரோ நின்று மூச்சு விடுவது போலிருக்கும். ஹெட்செட்டில் ஒருவர் கத்துவார்: "பார்சலைக் குடுத்துட்டோம்னு மெசேஜ் வந்திருக்கு. இங்க பார்சலே வரலை. ஆவியா வந்து குடுத்துட்டுப் போனீங்களா?" அவளுக்குச் சிரிப்பு வராது. கை தலைக்குப் போகும்.

ஆனால் அம்மா உயிர் பெற்றுவிட்டாள். "இன்னிக்கு அவருக்கு ரொம்ப அரிச்சிருக்கு போல" என்று செதிலை உள்ளங்கையில் திரட்டுவாள். தட்டில் வைத்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். தலை வாரிக்கொண்டு, விட்டுப்போன தையல் கூடத்து வேலைக்கு மறுபடி கிளம்பினாள்.

மகளுக்குத்தான் முடி கொட்டியது. சீப்பில் கொத்தாக வந்தது. குளியலறையில் தண்ணீர் போகும் ஜாலியில் பந்தாக அடைத்தது. கடைசியில் தோல் டாக்டரிடம் போனாள்.

டாக்டரம்மா முடியைப் பிரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"முடி கொட்டுதேன்னு என்னென்ன போட்டீங்க?"

"விளம்பரத்துல வந்ததெல்லாம் போட்டேன் டாக்டர்."

"நல்லவேளை, தரை கழுவுற திரவத்தை விட்டுவச்சீங்க."

அவள் மடியில் ஒரு கறுப்புத் தாளை விரித்து, தலையை மெதுவாகச் சீவினார். தாளின் மேல் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது.

"டாக்டர், இது... அப்பாவோடது."

"அப்பாவுக்கும் இருந்துச்சா? அப்ப குடும்பச் சொத்துதான். பயப்படாதீங்க, தொட்டா ஒட்டிக்கிற வியாதி இல்ல இது. பரம்பரையா உள்ள தூங்கிட்டிருக்கும். துக்கமோ தூக்கமில்லாததோ எழுப்பிவிட்டுடும். ஹெட்செட் பட்டை உரசுற இடத்துலதான் அதிகமா இருக்கு, பாருங்க."

"முடி?"

"வேர் சாகலை. தோல் ஆறினா பெரும்பாலும் முளைச்சுடும். ஆனா பிச்சுப் பிச்சு எடுத்தீங்கன்னா நான் பொறுப்பில்லை. சொறியாதீங்கன்னு சொன்னா யார் கேக்கறாங்க? நகத்தை ஒட்ட வெட்டிடுங்க. எண்ணெய் வச்சு ஊறினதும் மெதுவா சீவுங்க. அப்புறம் இந்த லோஷன். நீங்களா நிறுத்தவும் கூடாது, நீங்களா இழுத்துக்கிட்டே போகவும் கூடாது."

பேய் இல்லை என்று தெரிந்தால் நிம்மதி வர வேண்டும். அவளுக்கு வரவில்லை. அம்மா இத்தனை நாள் உள்ளங்கையில் ஏந்திப் பேசியது தன் தோலிடம்.

ரகசியமாக லோஷன் போட்டாள். அரிப்பு அடங்கியது. செதில் குறைந்தது. ஒருநாள் நாற்காலி சுத்தமாக இருந்தது.

வேலையிலிருந்து வந்த அம்மா, தோள்பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"இன்னிக்கு வரலையா?"

அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. "நான் வேலைக்குப் போனது பிடிக்கலையோ? கோவிச்சுக்கிட்டாரோ?" என்று அம்மா சுவரிடம் கேட்டாள். வைத்த சாப்பாடு ஆறிக் கிடந்தது. தையல் கூடத்துக்குப் போவது நின்றது. உள் அறைக் கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள் மகள். அதற்கு மேல் முடியவில்லை. லோஷனை ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நகத்தை ஒட்ட வெட்டியிருந்ததால் சீப்பின் பல்லால் தலையைச் சுரண்டினாள். கொஞ்சம் உதிர்ந்தது. போதாது. இன்னும் அழுத்தினாள். சீப்பில் சிவப்பாக ஈரம் பட்டது.

நிமிர்ந்தபோது உள் அறைக் கதவு திறந்திருந்தது. அம்மா நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி, சீப்பு, மடியில் கிடந்த செதில், எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

கன்னத்தில் அறை விழும் என்று மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அறை விழவில்லை. அம்மா அவள் தலையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பழகிய விரல்கள் முடியை வகிர்ந்துகொண்டே போய், காதுக்குப் பின்னால் நின்றன.

"ரொம்ப அரிக்குதா உங்களுக்கு?"

உங்களுக்கு!

பிறந்ததிலிருந்து அவளிடம் 'அடியே' என்றும் 'வாடி' என்றும் மட்டுமே பேசிய வாய் அது.

"அம்மா, நான்தாம்மா."

"தெரியுதுங்க."

தலையில் மிச்சமிருந்த முடியெல்லாம் நட்டுக்கொண்டது அவளுக்கு. எழுந்து ஓடத் தோன்றியது. ஓடாமல், லோஷன் பாட்டிலை எடுத்து அம்மாவின் கையில் வைத்து அழுத்தினாள்.

"இதைப் போட்டா அடங்கிடும்மா. போடலைன்னா எனக்குத் தலையெல்லாம் புண்ணாயிடும். நீயே போட்டு விடு."

அம்மா பாட்டிலையே பார்த்தாள்.

"போட்டா முழுசா போயிடுவாரா?"

ஆமாம் என்று சொல்லி எல்லாவற்றையும் முடித்துவிடலாம். ஆனால் அது பொய்.

"இல்லம்மா. இது முழுசா போற வியாதி இல்லையாம். மறுபடி வருமாம்."

"எப்போ?"

"குளிர்ல. இல்லைன்னா மனசு கஷ்டப்படறப்போ."

அம்மாவின் முகம் மெல்லத் தெளிந்தது. மூடியைத் திருகினாள். முடியை வகிர்ந்து வகிர்ந்து, ஒவ்வொரு சொட்டாக விட்டு, நுனிவிரலால் ஒற்றினாள். எரிந்தது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்ததும் அம்மா குனிந்து, அந்தக் காதோரத்தில் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"பிள்ளைக்கு முடி கொட்டுது, பாருங்க. கொஞ்ச நாளைக்குத்தான். போயிட்டு வாங்க."

சொல்லிவிட்டு, கையைத் தலையிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள். பதில் சொல்ல அந்தக் கூடத்தில் வேறு யாரும் இல்லை.

"வரேன்" என்றாள் மகள்.