சூளை வாசலில் நின்ற கூச்சல்

முத்தாபுதுப்பேட்டைச் செங்கல் சூளையில் 1934ஆம் வருஷம் நடந்த வேலைநிறுத்தம் ஒரே வாரத்தில் முடிந்தது. அதன் சத்தம் மட்டும் முடியவில்லை. கூலி கொஞ்சம் கூடியது, ஆட்கள் மண் மிதிக்கத் திரும்பினார்கள், ஆனால் வாசலில் அவர்கள் போட்ட கூச்சல் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு அங்கேயே நின்றுகொண்டது. வெயில் ஏறினால் கணீரென்று கேட்கும், மழைக்காலத்தில் கம்மிப்போகும். முதலாளி மேளக்காரர்களை வைத்து அடிக்கச் சொல்லிப் பார்த்தார். மேளச் சத்தம்தான் கலைந்தது. வண்டிமாடுகள் சில நாள் மிரண்டு, பிறகு பழகிக்கொண்டன.

ஐந்து வருஷம் கழித்துச் சங்கத்தில் சண்டை வந்தது. தலைவர் லோகநாதன் ஒரு கட்சி, செயலாளர் சம்பத் இன்னொரு கட்சி. அந்த வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது தங்கள் கட்சிதான் என்று இருவரும் மேடையேறிச் சொன்னார்கள். தலைவர் தேர்தலுக்கு முன்னால் சங்கத்தின் வரலாற்றை அச்சிட்டுவிட நினைத்த லோகநாதன், பூந்தமல்லியில் சரித்திர வாத்தியாராக இருந்த அருள்தாஸை எழுதச் சொன்னார். அருள்தாஸ் சங்கத்தின் அனுதாபி. சங்கம் உடைந்தால் கூலியை மறுபடி இறக்கிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அசோகரையும் அக்பரையும் புத்தகத்தில் மட்டுமே கண்டவருக்கு, காதால் கேட்டே எழுதக்கூடிய ஒரு வரலாறு ஆவடிக்குப் பக்கத்தில் இருப்பது பெரிய ஆசையை மூட்டியது. சனிக்கிழமைதோறும் குடையோடு வந்து வாசலில் உட்கார்ந்தார்.

கூச்சல் அடுக்கடுக்காக இருந்தது. தலைமட்டத்தில் கடைசி நாளின் கோஷம், அதற்குக் கீழே போலீஸ்காரரின் விசிலும் ஏதோ குழந்தையின் அழுகையும். முதல் நாளைக் கேட்க அருள்தாஸ் தரையோடு படுக்க வேண்டியிருந்தது. அங்கே ஒரு பெண் குரல், "போதும், கல்லக் கீய எறக்குங்கடி!" என்றது. உடனே ஓர் ஆண் குரல்: "வம்பு வாணாம், எல்லாம் உள்ள போங்க. நான் மொதலாளியாண்ட பேசிக்கிறேன்." அது அப்போது மேஸ்திரியாக இருந்த லோகநாதனின் குரல். சம்பத்தின் குரல் எந்த அடுக்கிலும் இல்லை.

பெண் குரல் பூங்காவனத்தினுடையது. அவள் இன்னும் அதே சூளையில் கல் சுமந்துகொண்டிருந்தாள். அருள்தாஸ் கூப்பிட்டதும் வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்துக் கேட்டாள். "அய்ய, என் தொண்டையா இது? நல்லாத்தான் கீது" என்று சிரித்தாள். இதை எழுதினால் சங்கமே உடையலாம் என்று அருள்தாஸ் தயங்கியபோது சிரிப்பை நிறுத்தினாள்.

"அவரு பயந்ததும் நெசம், மறாநாள் எங்களோட ஒக்காந்து போலீசாண்ட அடி வாங்கினதும் நெசம். ரெண்டயும் எய்து, வாத்தியாரே. பொம்பளைங்கள இன்னும் சங்கத்துல சேக்கலன்றதயும் எய்து."

எழுதினார். படித்த லோகநாதன், "இத்தப் போட்டா நான் தோத்துடுவேன், வாத்தியாரே" என்றார். தோற்கலாம் என்று அருள்தாஸ் ஒப்புக்கொண்டார். விஷயம் தெரிந்த சம்பத், லோகநாதன் பயந்த பக்கத்தை மட்டும் துண்டுப் பிரசுரமாகக் கேட்டு ஆள் அனுப்பினார். பாதியாகக் கொடுக்கத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்று அருள்தாஸ் வந்த ஆளைத் திருப்பியனுப்பினார்.

சூளை வாசலில் கூடிய சங்கக் கூட்டத்தில் லோகநாதன் பேச எழுந்து, பேசாமல், எல்லோரையும் தரையில் படுக்கச் சொன்னார். செம்மண் புழுதியில் சங்கம் முழுவதும் காதை வைத்துப் படுத்தது. தன் குரல் வந்தபோது லோகநாதன் கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, பெண்களைச் சேர்க்கும் தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார். அது நிறைவேறியது. தேர்தலில் அவர் தோற்றார். சங்கம் உடையவில்லை.

புதுத் தலைவர் சம்பத், புத்தகத்தை அப்படியே அச்சிட்டு, வேலைநிறுத்தத்துக்கு வழிகாட்டியது தன் கட்சிதான் என்று முன்னுரையில் சேர்த்துக்கொண்டார். யாரும் சண்டைக்குப் போகவில்லை. சந்தேகம் வந்தவர்கள் வாசலுக்குப் போய்ப் படுத்துக் கேட்டுக்கொண்டார்கள். லோகநாதன் சாதாரண உறுப்பினராகப் பின்வரிசையில் உட்கார்ந்தார். பூங்காவனம் செயற்குழுவுக்கு வந்தாள். 1946இல் மறுபடி வேலைநிறுத்தம் செய்வதென்று முடிவானபோது, ஆண்களும் பெண்களும் அதே வாசலில் கூடி, கோஷம் போடுவதற்கு முன்னால் ஆளுக்கொரு தரம் தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டார்கள்.