தாய்வீடு தெரியாத சிப்

போன மாதம் குவார்ட்டர்ஸ் மாறியபோது பரணிலிருந்து அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் இறங்கியது. தொண்ணூற்றேழில் மந்தாரக்குப்பத்தில் ஒருவர் பார்ட் பார்ட்டாக வாங்கி மாட்டிக் கொடுத்தது. எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் என் கணவர். இருபது வருடமாக மைன்ஸில் மீட்டர்களைக் கழற்றி மாட்டுகிறவள் நான். எதையும் திறந்து பார்க்காமல் தூக்கிப்போட எனக்குக் கை வராது. திறந்தேன். சவுண்ட் கார்டில் இருந்த பெரிய சிப்பின் மேல் பெயரே இல்லை. யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்து எடுத்திருந்தார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் என் தம்பி அருண்பிரசாத் பதினைந்து வயதில் புல்லாங்குழல் ஒலியில் ஒரு மெட்டுப் போட்டான். பள்ளி ஆண்டு விழாவுக்கு. வீட்டில் எல்லார் முன்னாலும் அதைப் போட்டுக் காட்டினான். காந்தாரம் வந்த இடமெல்லாம் ஸ்வரம் ஒரு நூல் இறங்கி நின்றது. எனக்கோ ஆறு வருடம் பாட்டு கிளாஸ் போன திமிர். "உனக்குச் சுதி ஞானமே கிடையாதுடா, பேசாம படி" என்றேன். அப்பாவும் சிரித்துவிட்டார். விழாவுக்கு அவன் அதைக் கொடுக்கவில்லை. அப்புறம் மெட்டுப் போட்டதாக நான் கேள்விப்படவும் இல்லை. இப்போது புனேயில் இருக்கிறான். ஃபோனில் பேசிக்கொள்வோம், பிள்ளைகள் படிப்பு, அப்பாவின் மாத்திரை என்று.

பெயரைத் தேய்த்திருக்கிறார்கள் என்றால் அது காப்பியடித்த சிப்பாக இருக்கலாம். காப்பி என்றால் ஸ்வரம் பிசகலாம். பிசகியது சிப் என்றால் அன்று நான் சொன்னது அநியாயம். நான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடாதா என்ற நப்பாசையும் எனக்கு இருந்தது, அதை ஒளிக்க மாட்டேன்.

பழைய சவுண்ட் கார்டுக்காரர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. படம் போட்டேன். ஹங்கேரியிலிருந்து ஒரு பெரியவர் பதில் எழுதினார். பெற்றோர் தெரியாத சிப்புகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறாராம். சிப்பின் கால்களை எண்ணச் சொன்னார், மூலையில் இருந்த சின்னக் குழியை அளக்கச் சொன்னார். கடைசியில், ஒவ்வொரு வாத்தியத்திலும் ஒவ்வொரு ஸ்வரமாக ஒலிக்கவிட்டுப் பதிவு செய்து அனுப்பும்படி கேட்டார்.

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து, மூன்று மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். ஒரு ஸ்வரம் எழும், தேயும், அடுத்தது எழும். தூரத்தில் மைன்ஸ் மெஷின்களின் ரீங்காரம், எப்போதும் இருப்பது. கொஞ்ச நேரத்தில் எது மெஷின், எது சிப் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே கொடியில் துணிகள் சத்தமில்லாமல் ஆடின. நான் தரையில் இருந்தேனா, மிதந்துகொண்டிருந்தேனா, தெரியாது. எந்த ஊரோ, எந்தத் தெருவோ, ஒரு மாடி அறையில் ஒருவர் அசல் சிப்பைப் பார்த்து வரி வரியாகக் காப்பி எழுதுவது கண்ணில் வந்தது. மத்தியானம் சாப்பிட்ட மயக்கம் அவருக்கு. இமை ஒரு முறை மூடித் திறக்கிறது. அதற்குள் ஒரு வரி போய்விடுகிறது. புல்லாங்குழல் முறை வந்தபோது காந்தாரம் அதே ஒரு நூல் இறங்கி நின்றது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனாலும் கார்டுக்கு வயதானதால் இறங்கியதோ என்று ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. யார் செய்தது என்று தெரியவில்லை. ஆனால் இதே குழி உள்ள சிப்புகள் வேறு நாலு நாடுகளில் நாலு பேரிடம் இருக்கின்றன. நாலும் புல்லாங்குழலில் அதே இடத்தில் இறங்குகின்றன. காப்பியடித்தவர்கள் அங்கே கோட்டை விட்டிருக்கிறார்கள், பிறவியிலேயே வந்த கோளாறு என்று எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூப்பிட்டேன். உப்புத்தாளில் ஆரம்பித்து ஹங்கேரிக்காரர் வரை ஒப்பித்தேன்.

"தப்பு சிப்போடதுடா. உன்னோடது இல்ல. நான்தான் வாயை விட்டுட்டேன்."

"தெரியும்க்கா. மறுநாளே கண்டுபிடிச்சேன். அந்த ஸ்வரமே வராம வேற மெட்டு ஒண்ணு போட்டேன்."

"ஏன்டா எனக்குப் போட்டுக் காட்டல?"

"நீ கேக்கலையே."

இருபத்தெட்டு வருடம். அழுதேன். இப்போது கேட்கிறேன், பாடு என்றேன். மறந்துபோயிருக்கும் என்றான். பிறகு மெல்ல முணுமுணுக்க ஆரம்பித்தான். இடையிடையே மூச்சு விட்டுக்கொண்டு, எங்கோ நடந்துகொண்டே பாடுகிறவன் மாதிரி பாடினான். இரண்டு இடத்தில் சுதி விலகியது. இந்தத் தடவை பழி போட நடுவில் எந்தச் சிப்பும் இல்லை. வாயை இறுக மூடிக்கொண்டேன். முடித்ததும் இன்னொரு தரம் பாடச் சொன்னேன்.