லீவுக்கு மட்டும்

அழைப்பு மணி அடித்தபோது அவன் பல் டாக்டரின் சமையலறையில், அவளுடைய பூப்போட்ட துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். கதவுத் துளை வழியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை. "அக்காவும் அத்தானும்" என்றாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றிருந்தார்கள். அவள் கதவைத் திறக்கப் போனாள். இவன் கத்தியோடு அப்படியே நின்றான். வாசலில் அவள் குரல் கேட்டது: "குழாய் ஒழுகுது. சரி பண்ண ஆள் வந்திருக்கார்."

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஆண்டுக் கடைசி விடுமுறையில் கூட வேலை செய்பவர்கள் எல்லாரும் குடும்பத்தைப் பார்க்கப் போய்விட, ஒண்டிக்கட்டையான அவன் தலையில்தான் அந்தப் பத்து நாள் அவசர வேலையும் விழும். மூன்று வருடங்களுக்கு முன் அப்படி ஒரு விடுமுறையில், இவள் தன் கிளினிக் இருந்த கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். பயப்படாமல் இருக்கட்டும் என்று நாற்பது நிமிடம் கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து வாய் ஓயாமல் பேசினான். வெளியே வந்ததும் முதலில் திட்டினாள், பிறகு டீ குடிக்கக் கூப்பிட்டாள். அந்த வாரமே தெளிவாகச் சொல்லியும்விட்டாள்: "இது லீவுக்கு மட்டும்தான். அப்புறம் உங்க வழி உங்களுக்கு, என் வழி எனக்கு." அவன் தலையாட்டினான். தலையாட்டிவிட்டு, மார்ச் மாதமே டிசம்பருக்குச் சட்டை எடுத்து வைக்கிற ஆளாகிவிட்டான். இது அவளுக்குத் தெரியாது.

இப்போது ஒழுகாத குழாய்க்கு அடியில் அரை மணி நேரம் மல்லாந்து கிடந்தான். நன்றாக இருந்த திருகுகளைக் கழற்றி மறுபடி முடுக்கினான். அத்தான் உட்கார்ந்து டார்ச் பிடித்தார். நல்ல மனுஷர், தன் முதுகுவலியைப் பற்றி விவரமாகச் சொன்னார். அக்காவுக்கும் இவனைப் பிடித்துப்போயிற்று. "தம்பி, எங்க வீட்டு வாஷிங் மெஷின்ல தண்ணியே எறங்க மாட்டேங்குது. ஒரு நாள் வந்து பாருங்களேன்" என்றாள். அவன் சரிக்கா என்றான். கிளம்பும்போது பல் டாக்டர் அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று, யாரோ ஒருவரிடம் சொல்வதுபோல, "தேங்க்ஸ்ங்க" என்றாள். தெருவில் பாதி தூரம் போன பிறகுதான் பூப்போட்ட துண்டு தோளிலேயே இருப்பதைப் பார்த்தான்.

மூன்று நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் இரண்டு முறை கூப்பிட்டாள், அவன் எடுக்கவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. எடுத்தால் என்ன சொல்லிவிடுவோமோ என்ற பயம். நான்காம் நாள் காலை கடைவாய்ப்பல் குத்த ஆரம்பித்து, பதினோரு மணிக்குள் கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. ஊரில் ஒரு பல் கிளினிக்கும் திறந்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவளைக் கூப்பிட்டான். "வாங்க" என்றாள், வேறெதுவும் கேட்கவில்லை.

விடுமுறைக்கு மூடியிருந்த கிளினிக்கில் நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் ஏற்றியிருந்தார்கள். அவளே விளக்கைப் போட்டு, அவளே கருவிகளை எடுத்து வைத்து, வலிக்காமல் ஊசி போட்டாள். மரத்துப்போகப் பத்து நிமிடம் ஆகும் என்று சுழல் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குழாய் ரிப்பேருக்கு வந்தவர் ஏன் உன் துண்டைப் போட்டிருந்தார்னு அக்கா கேட்டா" என்றாள். "அன்னைக்கு உங்களைத் தலைகுனிய வச்சது தப்பு. அவங்க போனப்புறம் ரொம்ப அழுதேன்."

அவன் உதட்டில் பாதி அதற்குள் காணாமல் போயிருந்தது. சொல்லாமல் விட்டால் இனி எப்போதும் சொல்ல வராது என்று தோன்றியது. நாக்கு புரளாமல், எச்சில் ஒழுக, தனக்கே புரியாத குரலில் மூன்று வருடத்தையும் கொட்டினான்: லீவு முடிந்த மறுநாள் எப்படி இருக்கும், அந்தத் தெருப்பக்கம் வேலை வந்தால் எப்படிச் சுற்றிக்கொண்டு போவான், கடைசியாக, பத்து நாள் தனக்குப் போதவில்லை என்பதையும். அவளுக்கு ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. மரத்துப்போன வாய்கள் பேசுவதைப் பதினைந்து வருடமாகக் கேட்கிறவள் அவள்.

பஞ்சால் அவன் மோவாயைத் துடைத்துவிட்டாள். துடைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"எனக்கும் அப்படி வந்துடும், வந்துடும்னு நானும் மூணு வருஷமா எதிர்பாத்துட்டுதான் இருக்கேன்" என்றாள். "உங்களை மாதிரி ஒருத்தர்மேல வரலேன்னா வேற யார்மேல வரும்? ஆனா வரல. பொய் சொல்லிடலாம். உங்ககிட்ட அதுக்கும் வாய் வரல."

அவன் தலையாட்டினான். இந்தத் தடவை அவள் அதை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

முகமூடியை மாட்டிக்கொண்டாள். கண்கள் மட்டும் தெரிந்தன, ஓரங்களில் சிவந்திருந்தன. "வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்று, எல்லாரிடமும் சொல்வதை வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னாள். கருவி சுழன்றது. பல் எங்கோ தூரத்தில், யாருடையதோபோல அதிர்ந்தது. துளியும் வலிக்கவில்லை. ஆனாலும் அவனுடைய இடது கை மெல்ல மேலே எழுந்தது.

சத்தம் நின்றது. "வலிக்குதா?"

வாய் நிறையப் பஞ்சு. ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியவில்லை. வெள்ளை வெளிச்சத்தில் அந்தக் கை அப்படியே நின்றது. அவள் கருவியை ஓட்டும் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டு, அது தானாக இறங்கட்டும் என்று காத்திருந்தாள்.